பல மொழி கற்றுத் தமிழைத் தேடிய தனிநாயகம் அடிகளார்



ஒவ்வோர் ஆண்டும் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகளைப் பதியும் காலத்தில், சில பெற்றோர்கள் பள்ளிக்கூட வாசலில் தயங்கி நிற்பதைப் பார்க்கிறோம். தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் மலாய் வராமல் போய்விடுமோ, ஆங்கிலத்தில் பின்தங்கி விடுவானோ, மூன்று மொழியையும் ஒரே நேரத்தில் போட்டுக் குழப்பிக் கடைசியில் ஒன்றுமே உருப்படியாக வராமல் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்களுக்கு, பட்ட பாடு வீணாகிவிடக் கூடாதே என்ற கவலை இருக்கத்தானே செய்யும்?

அந்தக் கவலைக்கு வெறும் உபதேசத்தால் பதில் சொல்ல முடியாது. ஒரு மனிதரின் வாழ்க்கையையே பதிலாக உங்கள் முன் வைக்கிறோம். அவர் எங்கோ வாழ்ந்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். நம் சுங்கை பெசாரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில், எட்டு ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். அவர்தான் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார்.

தீவில் பிறந்த பிள்ளை

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்துக்கு அருகில் ஊர்காவற்றுறை என்று ஒரு தீவுப் பகுதி. அங்கே கரம்பன் என்னும் சிற்றூரில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அடிகளார் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சேவியர் நிக்கொலஸ் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது முன்னோர் வழிப் பெயர். அதைப் பின்னாளில் அவரே விரும்பி எடுத்துக் கொண்டார். கத்தோலிக்கக் குடும்பம், ஆங்கிலப் பள்ளிப் படிப்பு. ஊர்காவற்றுறையிலும், பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார்.

குருவாக வேண்டும் என்ற ஆசையால் கொழும்பில் குருமடத்தில் சேர்ந்தார். 1934இல், இருபத்தொரு வயதில், ரோமாபுரிக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஊர்பன் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் படிப்பு.

மாணவச் செல்வங்களே, அந்தப் பல்கலைக்கழகத்தைக் கொஞ்சம் மனக்கண்ணால் பாருங்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து கூடியிருக்கிறார்கள். பாடம் நடப்பது இலத்தீன் மொழியில். வாசலுக்கு வெளியே போனால் இத்தாலியன். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருப்பவன் இன்னொரு நாட்டுக்காரன், அவனுக்கு வேறொரு மொழி. அப்படிப்பட்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் பிழைக்க முடியுமா? தனிநாயகம் வாயைத் திறந்தார். இத்தாலியன் கற்றார், இலத்தீனில் தேர்ந்தார். காலப்போக்கில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் என்று ஒவ்வொன்றாக அவர் வசப்பட்டன. 1938இல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். இறையியலில் முனைவர் பட்டமும் வாங்கிக் கொண்டு திரும்பினார்.

தமிழ் தெரியாத தமிழர்

இதுவரை கேட்டவர்கள், பெரிய படிப்பாளிதான் என்று நினைப்பீர்கள். ஆனால் கதையின் முக்கியமான திருப்பம் இனிமேல்தான் வருகிறது.

1940இல் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில் உள்ள உயர்நிலைப்பள்ளிக்கு அவர் துணைத் தலைமையாசிரியராக வந்தார். சுற்றிலும் தமிழ் பேசும் மக்கள், தமிழ்ப் பிள்ளைகள். ரோமாபுரியில் இலத்தீனில் ஆய்வுரை எழுதியவருக்கு, தன் தாய்மொழியில் தரமாக எழுதவும் இலக்கியம் படிக்கவும் வரவில்லை! வீட்டுத் தமிழ் தெரியும். சங்க இலக்கியம் தெரியாது, இலக்கணம் தெரியாது. இருபத்தேழு வயதில் இந்தக் குறை அவருக்கு நன்றாக உறைத்தது.

நம்மில் எத்தனையோ பேர் இந்த இடத்தில் என்ன செய்திருப்போம்? நமக்குத்தான் ஆங்கிலம் இருக்கிறதே, போதும் என்று விட்டிருப்போம். அல்லது, இந்த வயதுக்கு மேல எங்க படிக்கிறது என்று சமாதானம் சொல்லியிருப்போம். அவர் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் போய் மாணவராக உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் தாம் ஆசிரியர், ஐயர் முன்னால் மாணவர். கத்தோலிக்கக் குரு ஒருவர் ஐயர் ஒருவரிடம் தமிழ் கேட்டார் என்பதும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி. தமிழ் அங்கே மதத்தைக் கேட்கவில்லை.

அத்தோடும் விடவில்லை. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வயது முப்பத்திரண்டு ஆகப் போகிறது. வெளிநாட்டு முனைவர் பட்டம் ஏற்கனவே கையில் இருக்கிறது. ஆனாலும் தம்மைவிட இளைய பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எம்.ஏ. படித்தார். அதற்கு மேல் எம்.லிட். பட்டத்துக்கும் ஆராய்ச்சி செய்தார். சங்கப் பாட்டில் மலையும் காடும் வயலும் கடலும் எப்படி மனித வாழ்வோடு பிணைந்து வருகின்றன என்பதே அவர் எடுத்த பொருள்.

இங்கேதான் பார்க்க வேண்டும். அவர் முன்னே கற்ற மொழிகள் வீண் போனதா? இல்லை. கிரேக்கப் புலவர்களும் இலத்தீன் புலவர்களும் இயற்கையை எப்படிப் பாடினார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், நம் சங்கப் புலவர்களின் தனித்தன்மை என்ன என்று அவரால் எடுத்துக்காட்ட முடிந்தது. ஒன்றை மட்டுமே பார்த்தவனுக்கு அதன் உயரம் தெரியாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். அந்த ஆய்வே பின்னாளில் ஆங்கில நூலாக வந்து, தமிழ் தெரியாத அறிஞர்களுக்கும் சங்க இலக்கியத்தின் வாசலைத் திறந்து வைத்தது.

நூலகங்களில் தூங்கிக் கிடந்த தமிழ்

1949இலிருந்து அடிகளார் உலகத்தைச் சுற்றத் தொடங்கினார். மலாயா, ஜப்பான், அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா என்று போன இடமெல்லாம் தமிழைப் பற்றிப் பேசினார். இலங்கைக்குத் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தார். 1952இல் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழைத் தொடங்கி நடத்தினார். 1955 முதல் 1957 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தில் படித்து இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார். பழந்தமிழ் நூல்களில் காணும் கல்விச் சிந்தனையே அந்த ஆய்வு.

அந்தக் காலத்தில் அவர் ஐரோப்பிய நூலகங்களில் தேடியது என்ன தெரியுமா? தமிழ்ப் புத்தகங்கள்!

இந்திய மொழிகளிலேயே முதன்முதலில் அச்சேறிய மொழி தமிழ். 1554இல் போர்த்துக்கல் நாட்டுத் தலைநகரான லிஸ்பனில் ஒரு சிறிய நூல் அச்சிடப்பட்டது. தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். கூடவே போர்த்துக்கீசியப் பொருள் இருக்கும். லிஸ்பனில் வாழ்ந்த இந்தியர் மூவர் அதை உருவாக்கினார்கள். பிறகு 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூல் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கஸ் அதைச் செய்தார். 1586இல் அடியார் வரலாறு என்னும் பெரிய நூல் வந்தது.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் காலக் கிரமத்தில் நம் மண்ணில் இல்லாமலே போய்விட்டன. ஒன்றிரண்டு பிரதிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூலகங்களில் தூங்கிக் கிடந்தன. தமிழ் மட்டும் அறிந்தவர்களுக்கு அவை இருக்கும் இடம் தெரியாது. போர்த்துக்கீசியம் மட்டும் அறிந்தவர்களுக்கு அவற்றின் அருமை தெரியாது. இரண்டும் அறிந்த அடிகளார் போய்த் தேடிப் பார்த்தார், படித்தார், தமிழ் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

அவற்றில் ஒன்று நமக்கு மிகவும் நெருக்கமானது. 1679இல் அச்சிடப்பட்ட தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அது. அந்தாவோ தெ புரோவென்சா என்னும் பாதிரியார் தொகுத்தது. அன்றைய மக்கள் வாயில் புழங்கிய பேச்சுச் சொற்களையும் அவர் அதில் சேர்த்து வைத்தார். வத்திக்கான் நூலகத்தில் இருந்த அந்த அகராதியை அடிகளார் 1954இல் கண்டறிந்தார். 1966இல் அது அப்படியே படப்பிரதியாக மறுபடி அச்சேறியது. எங்கே தெரியுமா? நம் கோலாலம்பூரில்! 287 ஆண்டுகளுக்கு முன் கேரளத்தில் அச்சான தமிழ் அகராதிக்கு மறுபிறவி கொடுத்தது மலாயாப் பல்கலைக்கழகம்.

போர்த்துக்கீசியம் நமக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளே, உங்கள் வகுப்பறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சன்னல், மேசை, அலமாரி, சாவி என்று நாம் சொல்கிறோமே, இவையெல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப் போன சொற்கள். மலாய்ப் பாடத்தில் நீங்கள் படிக்கும் ஜென்டேலா, மேஜா, அல்மாரி ஆகியவையும் அங்கிருந்து வந்தவைதான். அதே மலாய் மொழியில் கடை கெடாய் ஆகியிருக்கிறது, கப்பல் காப்பால் ஆகியிருக்கிறது, கட்டில் காத்தில் ஆகியிருக்கிறது. அவை நாம் கொடுத்தவை. மொழிகள் ஒன்றுக்கொன்று கொடுத்தும் வாங்கியும் வாழ்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு மலாய் அந்நியமாகத் தோன்றாது.

மலாயாவுக்கு வந்த பேராசிரியர்

1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. தமிழ் மக்களின் மொழியுரிமைக்காக அடிகளார் பேசினார், எழுதினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. இந்திய ஆய்வியல் துறையின் பேராசிரியராக இங்கு வந்து சேர்ந்தார்.

தோட்டத்துப் பெரியவர்களே, அந்தத் துறைக்கும் உங்களுக்கும் ஒரு சொந்தம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களில், அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு ஏட்டின் வழியாகக் குரல் கொடுத்தார். தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பணக்காரர்கள் மட்டும் கொடுக்கவில்லை, தொழிலாளிகளும் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத கைகள் கொடுத்த வெள்ளி, பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ்ப் புத்தகமாக நின்றது. அப்படி மக்கள் தாங்கி நிறுத்திய தமிழுக்குத்தான் அடிகளார் பேராசிரியராக வந்தார்.

இங்கே அவர் செய்த மிகப் பெரிய காரியம் ஒன்று உண்டு. 1964ஆம் ஆண்டு சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த தமிழறிஞர்களை அடிகளார் ஒன்று கூட்டினார். பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம் போன்றோரின் துணையோடு உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிலியோசா தலைவர் ஆனார். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில்லும் அடிகளாரும் செயலாளர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக்காரரும் செக் நாட்டவரும் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தமிழுக்காக ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள் என்றால், அவர்களோடு பேசிப் பழகிக் கூட்டி வரும் நாக்கு ஒன்று வேண்டுமல்லவா? ரோமாபுரியில் பழகிய நாக்கு அன்று தமிழுக்கு உதவியது.

மன்றத்தின் முதல் மாநாடு எங்கே நடந்தது? சென்னையில் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நம் கோலாலம்பூரில்! பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதைத் திறந்து வைத்தார். சஞ்சிக்கூலிகளின் மொழி என்று சிலர் ஏளனமாக நினைத்த தமிழை ஆராய, உலகப் பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் இந்த நாட்டுக்கு விமானம் ஏறி வந்தார்கள். அதன் பிறகு 1968இல் சென்னையிலும் 1970இல் பாரிசிலும் மாநாடுகள் நடந்தன. 1987இலும் 2015இலும் அந்த மாநாடு மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தது.

கடைசிக் காலம்

1969இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விடைபெற்றார். நான்காம் மாநாடு 1974 சனவரியில் அவர் பிறந்த யாழ்ப்பாண மண்ணில் நடந்தது. நிறைவாக நடந்த பொதுக்கூட்டத்தில் போலீசார் புகுந்ததால் பெரும் குழப்பம் ஏற்பட்டு, அப்பாவி மக்கள் உயிரிழந்தார்கள். தமிழ் கேட்க வந்த கூட்டம் பிணங்களைத் தூக்கிக் கொண்டு கலைந்தது. உலக நாடுகளிலெல்லாம் மதிப்போடு உட்கார வைத்த மொழிக்குத் தன் சொந்த மண்ணில் இந்தக் கதி என்றால், அந்த மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

1980ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் யாழ்ப்பாணத்தில் அடிகளார் மறைந்தார். வயது அறுபத்தேழு. அடுத்த சில மாதங்களில் மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியபோது, அதைத் தொடங்கி வைத்தவர் இல்லை. ஆனால் அவர் தொடங்கியது நின்றுவிடவில்லை.

நம் பிள்ளைகளுக்கு என்ன?

பெற்றோர்களே, கடைசியாக உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டும். அடிகளாருக்குத் திருச்சபை துணை இருந்தது, அவர் ரோமாபுரிக்குப் போனார். எங்க பிள்ளைக்கு யார் இருக்கா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெளிநாட்டுப் படிப்பு எல்லாருக்கும் எட்டாது. ஆனால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழிப்புலத்தில் இன்று பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியன், ஜப்பானியம், சீனம், அரபு ஆகிய மொழிகளைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். தமிழையும் அங்கே படிக்கலாம். அதே பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும் இருக்கிறது. கல்விக் கடன் உண்டு, உபகாரச் சம்பளம் உண்டு. எஸ்.பி.எம். முடிந்த பிறகு விசாரிக்கலாம் என்று இருந்துவிடாமல், இடைநிலைப்பள்ளியில் இருக்கும்போதே ஆசிரியரைக் கேட்டுத் தெரிந்து வையுங்கள். ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு, தூதரகம், சுற்றுலா, பத்திரிகை என்று மொழி தெரிந்தவனுக்கு வழிகள் உண்டு. எளிதாகக் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டோம். நன்றாகப் படித்தால்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல மொழி நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பக்கத்துக் கம்பத்துப் பிள்ளைகளோடு விளையாடும்போது மலாய் பேசுகிறார்கள். சீனர் கடைக்குப் போய் வந்து நாலு சீன வார்த்தை பழகிக் கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிறார்கள். அடிகளார் ரோமாபுரிக்குப் போய்ப் பார்த்த பன்மொழிச் சூழல் நம் பிள்ளைகளுக்குச் சுங்கை பெசார்ச் சந்தையிலேயே கிடைக்கிறது. குழந்தை மனம் குழம்பிவிடாது. ஒவ்வொரு மொழியையும் சரியாகச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறதா, வீட்டில் உட்கார்ந்து படிக்க நேரமும் வெளிச்சமும் இருக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அடிகளார் இருபத்தேழு வயதுக்கு மேல் போய்த் தேடிக் கற்ற தமிழை, உங்கள் பிள்ளை ஏழு வயதிலேயே கற்கிறான். அவர் பட்ட அந்தக் கூச்சம் உங்கள் பிள்ளைக்கு வராது. அவனுக்கு அடித்தளம் இருக்கிறது. அதன்மேல் மலாயையும் ஆங்கிலத்தையும் இன்னும் வேண்டிய மொழிகளையும் கட்டிக்கொண்டு போகலாம்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களும் சரி, அடுத்த ஆண்டு வாங்கப் போகிறவர்களும் சரி, ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, நாளைக்கு ஐந்து சொல் எழுதுங்கள். தமிழில் ஒன்று, அதற்கு நேராக மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தெரியாததை ஆசிரியரிடம் கேளுங்கள், பாட்டியிடம் கேளுங்கள். பாட்டிக்குத் தெரிந்த சில சொற்கள் இன்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவற்றையும் எழுதி வையுங்கள். 1679இல் அச்சான அந்த அகராதியிலும் மக்கள் வாயில் புழங்கிய சொற்களை ஒருவர் எழுதி வைத்தார்.

தனிநாயகம் அடிகளாரைப் பற்றி இன்று இரவு வீட்டில் உங்கள் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தவர்களில் அவர்கள் வீட்டுப் பெரியவரும் ஒருவராக இருந்திருக்கலாம்.